காலால் படிக்க வேண்டிய பட்டணம்

சென்னை பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. 1773 ஜனவரி 1 என்று அதில் தேதி பொறித்திருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து பேருந்துக்கும் கடற்கரை ரயிலுக்கும் ஓடுகிறார்கள். அங்கே அப்படி ஒரு தூண் இருப்பது அவர்களில் பெரும்பாலோர் கண்ணில் பட்டிருக்காது. ஜார்ஜ் டவுன் என்று ஏட்டிலும், பாரிஸ், மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டை, மின்ட் என்று மக்கள் வாயிலும் வழங்கும் அந்தப் பகுதி முழுவதற்கும் திறவுகோல் அந்தத் தூண். விவரம் தெரிந்த ஒருவர் முன்னே செல்ல, பத்துப் பதினைந்து பேர் பின்தொடர்ந்து பழைய தெருக்களைப் பார்த்து வரும் மரபு நடை இப்போது பல ஊர்களில் பரவியிருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஜார்ஜ் டவுனைப் பொறுத்தவரை அது ஒரு படிப்பு, வேறு வழியில் கிடைக்காத படிப்பு என்பது என் வாதம். இந்தப் பகுதியின் வரலாறு கட்டடங்களில் இருப்பதைவிட, கட்டடங்களுக்கு நடுவே உள்ள தூரத்திலும், தெருக்கள் ஓடும் போக்கிலும், அவற்றின் பெயர்களிலும்தான் அதிகம் தங்கியிருக்கிறது. தூரத்தைக் காலால்தான் அளக்க முடியும்.

தூணிலிருந்து தொடங்கலாம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை மணல் திட்டு கிடைத்து, ஜார்ஜ் கோட்டை எழுந்தபோது, அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் சாயம் தோய்ப்பவர்களும் வணிகர்களும் துபாஷிகளும் குடியேறிய ஊர் வளர்ந்தது. மக்கள் அதைச் சென்னைப் பட்டணம் என்றார்கள். கம்பெனிக்காரர்கள் கருப்பர் நகரம் என்று எழுதினார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைச் சுவரருகே நெருக்கமாக வீடுகள் இருந்தால் முற்றுகையிடும் படை அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு சுட முடியும் என்பதால், ஊரின் ஒரு பகுதியை அவர்களே தரைமட்டமாக்கினார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் அதே கணக்கைப் போட்டார்கள். 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து முற்றுகையிட்ட அனுபவமும் சேர்ந்துகொள்ள, எஞ்சிய பழைய ஊரும் துடைத்தெறியப்பட்டது. பீரங்கிக்கு மறைவில்லாத வெட்டவெளி வேண்டும். அந்த வெளிக்குள் இனி எவரும் வீடு கட்டக் கூடாது. அந்த எல்லையைக் காட்ட நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். ஒரு நகரத்தின் முதல் ஊர் மொத்தமாக இல்லாமல் போனதற்கு, அந்த இடத்திலேயே நிற்கும் சாட்சி அது.

தூணைப் பார்த்துவிட்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால் மேலே சொன்ன கதை முழுவதும் கண்முன் விரியும். தெற்கே 1892-இல் திறந்த உயர் நீதிமன்றமும் அடுத்து பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும், மரமும் மைதானமுமாகப் பரந்து கிடக்கின்றன. வடக்கே ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. ஒரே சாலையின் இரு கரைகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன? தெற்குப் பக்கம்தான் பீரங்கிக்காகக் காலி செய்த வெளி. போர் அச்சம் தணிந்த பிறகு, அந்த வெற்றிடத்தில் அரசாங்கமே தன் பெரிய கட்டடங்களை எழுப்பிக்கொண்டது. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களை வியக்கும் எவரும், தங்கள் பார்வைக்குக் கீழே ஓர் ஊர் புதைந்திருப்பதை யாராவது சொல்லாமல் அறிய முடியாது. உயிரோடு இருந்தவர்கள் மட்டுமல்ல, இறந்தவர்களும் இடம் பெயர்ந்தார்கள். ஆங்கிலேயர்களின் பழைய இடுகாடு அந்தச் சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடத்தில் இருந்தது. முற்றுகையின்போது அதன் கல்லறை மாடங்கள் எதிரிக்கு அரணாகிவிட்டதால், கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த எலிஹு யேலின் குழந்தை புதைந்த கல்லறை அந்த வளாகத்திலேயே தங்கிவிட்டது.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாமே, கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எஸ். முத்தையா போன்றவர்கள் சென்னையைப் பற்றி எழுதியவை இல்லாவிட்டால் இந்த நடைகளே இருந்திருக்காது. ஆனால் எழுத்து ஒன்றைச் சொல்லும். அதன் அளவை உடம்புக்கு உணர்த்தாது. இடிந்த பழைய ஊரின் நடுவில், இன்றைய நீதிமன்றம் நிற்கும் இடத்தில், பட்டணத்தின் பெரிய கோயில் இருந்தது. 1757 வாக்கில் அதுவும் போயிற்று. கம்பெனி மாற்று நிலமும் இழப்பீடும் கொடுத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் தம் பணத்தைப் போட்டு, ஊராரிடமும் திரட்டி, 1760-களில் அதை இரட்டைக் கோயிலாகப் புதிதாக எழுப்பினார். பூக்கடைப் பகுதியில் தேவராஜ முதலி தெருவை ஒட்டி அடுத்தடுத்து நிற்கும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் அவைதாம். நீதிமன்ற வாசலிலிருந்து அங்கே நடந்து போகிறவருக்கு ஒன்று விளங்கும்: இந்தத் தூரம்தான் ஒரு தெய்வமும் அதன் மக்களும் நகர்ந்த தூரம். எப்போது வந்தன, எங்கிருந்து வந்தன என்ற விவரம் தெரியாமல் அந்த இரட்டைக் கோயில்களுக்குப் போனால், நெரிசலான கடைவீதியில் இன்னும் இரண்டு கோயில்கள் என்ற அளவில் நின்றுவிடும். சென்னை என்ற பெயரோடே நெருங்கிய தொடர்புடைய கோயில் என்பதால், இந்தச் சில நிமிட நடை மாநகரின் பெயரையே தேடிப் போகும் நடையுமாகும்.

இடிபட்ட ஊரின் மக்கள் எங்கே போனார்கள்? வடக்கே ஏற்கெனவே இருந்த இரண்டு பேட்டைகளுக்கு. கிழக்கே கடலோரம் முத்தியால்பேட்டை. மேற்கே, பட்டணத்தின் காவலைப் பரம்பரையாகப் பார்த்த பெத்த நாயக்கர் பெயரால் பெத்தநாயக்கன்பேட்டை. இந்தப் பிரிவுக்குள் இன்னொரு கதை இருக்கிறது. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் குடியிருக்கலாம் என்று மோதிக்கொண்ட காலம் அது. 1707-இல் கலகம் முற்றியபோது, ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில், வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று பாகம் பிரித்தார்கள். இரண்டுக்கும் இடையே வடிகால் ஓடும் பள்ளம் ஒன்று கிடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் போப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தைத் தூர்த்துச் சாலை போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. நெரிசலில் பேருந்து தவழ்ந்து போகும் அந்தச் சாலை ஒரு காலத்தில் இரண்டு சமூக உலகங்களுக்கு நடுவே கிடந்த பள்ளம் என்று தெரிந்தபின், அதைக் குறுக்கே கடப்பது வெறும் சாலையைக் கடப்பதாக இருக்காது. கிழக்கே தம்புச் செட்டித் தெருவில் விசுவகர்மர்களின் காளிகாம்பாள் கோயில், மேற்கே கொத்தவால் சாவடியில் ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேசுவரி கோயில். விசுவகர்மர்களாகிய கம்மாளர் இடங்கை, ஆரிய வைசியர்களாகிய கோமுட்டிகள் வலங்கை. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பாகப்பிரிவினை இன்னும் தெருவில் கிடக்கிறது.

இங்கே ஒரு நல்ல வழிகாட்டி நிறுத்தி, தன் வாதத்துக்கு எதிரான சான்றையும் காட்ட வேண்டும். கந்தகோட்டம் பேரிச் செட்டியார்களின் கோயில். பேரிச் செட்டியார்கள் இடங்கையில் முன்னணியில் நின்றவர்கள். ஆனால் கந்தகோட்டம் இருப்பதோ ராசப்ப செட்டித் தெருவில், பிராட்வேக்கு மேற்கே. அப்படியானால் கோடு போட்டது போல ஊர் பிரிந்துவிடவில்லை. ஆணை ஒன்று, வாழ்க்கை ஒன்று. மரபு நடைகள் மீது வரலாற்றாய்வாளர்கள் வைக்கும் முக்கியமான குற்றச்சாட்டும் இதைத் தொட்டதுதான்: வழிகாட்டிகள் சுவைக்காகக் கதை கட்டுகிறார்கள், கேட்பவர்கள் அதை வரலாறு என்று நம்பி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். குற்றச்சாட்டு உண்மையானதே. காளிகாம்பாள் கோயிலுக்கு 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்று கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு அவர் தென்னாட்டுப் படையெடுப்பில் இருந்தார் என்பதும், சென்னைக் கம்பெனியாரிடம் மருந்துப் பொருள்கள் கேட்டுக் கடிதம் அனுப்பினார் என்பதும் ஆவணத்தில் உள்ளவை. கோயிலுக்கே வந்தார் என்பது கோயில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறவர் நல்ல வழிகாட்டி ஆக மாட்டார். கல்லில் இருப்பது இது, காகிதத்தில் இருப்பது இது, மக்கள் சொல்வது இது என்று பிரித்துச் சொன்னால், மக்கள் சொல்வதற்கும் அதற்குரிய மரியாதை கிடைக்கும். கதை கட்டுவது நடையின் இயல்பான குறை என்று நான் நினைக்கவில்லை. சான்று பக்கத்திலேயே நிற்பதால், புத்தகத்தைவிட இங்கே பொய்யைப் பிடிப்பது சுலபம். கந்தகோட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நடக்கிற எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்களுக்கு வருவோம். இந்தப் பகுதியின் மிக வளமான சொத்து அவைதான். ஆர்மீனியன் தெருவுக்கு மக்கள் வைத்த பெயர் அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரனும் இல்லை. பாரசீகம் வழியாக வந்து வணிகம் செய்த ஆர்மீனியர்களின் பெயர் தமிழ் நாக்கில் பழகி அப்படி ஆயிற்று. அந்தத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. ஊஞ்சல் போட்ட வீட்டு முற்றம் போல அமைதியான வளாகம், நடைபாதையெங்கும் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள், தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். வழிபட வரும் ஆர்மீனியக் குடும்பங்கள் இப்போது இல்லை. இங்கே பாதிரியாராக இருந்த ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் 1794-இல் 'அஸ்தரார்' என்ற இதழை அச்சிட்டு வெளியிட்டார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. வெளிவந்த ஊர் சென்னை. அவர் கல்லறையும் இதே வளாகத்தில்தான். ஆர்மீனிய மக்கள் தங்கள் இதழியல் வரலாற்றை எழுதும்போது முதல் வரியில் நம் ஊர்த் தெரு ஒன்று வருகிறது என்பதை, அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்காவது நாம் சொல்லியிருக்க வேண்டாமா?

அதே போலப் பவளக்காரத் தெரு. பெயரில் பவளம் இருக்கிறது, தெருவில் இல்லை. மத்தியதரைக் கடலில் எடுத்த பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்று, பதிலுக்குக் கோல்கொண்டா வைரத்தை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பிய யூத வணிகர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இருந்தார்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் அவர்களும் இடம்பெற்றார்கள். வைர வணிகம் நொடிந்ததும் அவர்கள் கலைந்து போனார்கள். பின்னாளில் நகரத்தார் அந்தத் தெருவுக்கு வந்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்த செட்டியார்கள் தங்கிய தெரு அது. ஒரு வணிகம் போய் இன்னொரு வணிகம் வந்தது. பெயரை மட்டும் யாரும் காலி செய்யவில்லை.

இவ்வளவும் நடந்து பார்க்க வேண்டியவை என்றால், நடக்க எங்கே இடம் இருக்கிறது என்ற கேள்வி எழும். ஜார்ஜ் டவுனை அறிந்தவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். மீன்பாடி வண்டிகள், தள்ளுவண்டிகள், தலைச்சுமைக்காரர்கள், மேலே தொங்கும் மின்கம்பிகள், காலடியில் சாக்கடை. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் ரசாயனமும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் பூஜைச் சாமானும் என்று தெருவுக்கு ஒரு சரக்காக மொத்த வியாபாரம் நடக்கும் இடத்தில், வேலை நாளின் நண்பகலில் இருபது பேர் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்ப்பது அங்கே உழைப்பவர்களுக்கு இடைஞ்சல். அதனால்தான் இந்த நடைகள் பெரும்பாலும் ஞாயிறு விடியற்காலையில், கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருக்கும்போது நடக்கின்றன. ஆனால் நெரிசல் என்பதை வரலாற்றைப் பார்க்க விடாத திரை என்று மட்டும் கொள்வது தவறு. கோட்டையை நம்பி, துறைமுகத்தை நம்பி, ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்று வளர்ந்த பழைய ஒழுங்கு இன்னும் உயிரோடு இருப்பதால்தான் நெரிசல். கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது, லாரிகளோடு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கையும் போயிற்று. நெரிசல் இல்லாத ஜார்ஜ் டவுன் நடக்க வசதியாக இருக்கலாம். அது அருங்காட்சியகம், ஊராகாது.

இன்னொரு மறுப்பு கனமானது. இது வெள்ளைக்காரன் கட்டிய ஊர். இதைச் சுற்றிக் காட்டுவது காலனியப் பழம்பெருமை பேசுவதுதானே? கட்டட முகப்புகளை மட்டும் காட்டி, எந்தப் பொறியாளர் எந்தப் பாணியில் கட்டினார் என்று ஒப்பிக்கும் நடையானால், ஆம், அதுதான். ஆனால் இதுவரை சொன்ன சான்றுகளைப் பாருங்கள். இடித்தது கோட்டை. நகர்ந்து போய் மறுபடி கட்டிக்கொண்டவர்கள் மக்கள். போஸ் சாலையில் ஏதென்ஸ் நகரத்துப் பழங்கோயில் ஒன்றின் சாயலில் தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபம் 1850-இல் திறந்தது. அதற்கான பணம் 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கட்டளையினுடையது. தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்தது கம்பெனியின் நாணயச்சாலை. அதே தெருவில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை சைவ நூல்களையும் இலக்கண நூல்களையும் அச்சிட்டது. 1878-இல் 'தி இந்து' பத்திரிகையின் முதல் இதழ் அச்சானதும் அந்தத் தெருவில்தான். நாணயச்சாலை மூடிய பிறகு அந்த வளாகத்திலேயே அரசு அச்சகம் வந்தது. அச்சுத் தமிழின் வரலாற்றில் தங்கசாலைக்கு உள்ள இடம், உயர் நீதிமன்றக் கோபுரத்தைவிட உயரமானது. அங்கிருந்து வடக்கே ஏழுகிணறு. 1772-இல் கேப்டன் பேக்கர் கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக வெட்டிய கிணறுகளால் வந்த பெயர் அது. அதன் வீராசாமிப் பிள்ளை தெருவில்தான் ராமலிங்க வள்ளலார் சிறு வயதிலிருந்து 1858-இல் சென்னையை விட்டுப் போகும்வரை வாழ்ந்தார். அங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடந்துபோய் நின்று பாடினார். கோட்டைக்குத் தண்ணீர் போன பாதையிலேயே ஒரு பையனின் பாட்டும் போயிருக்கிறது. அந்த வீட்டிலிருந்து கோயில்வரை நடந்து பார்க்கலாம், தூரம் மாறவில்லை.

ஒரு குறையை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இந்த நடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆங்கிலம் பழகிய மேல்தட்டினருக்காக நடக்கின்றன. 2004 முதல் ஆகஸ்டில் கொண்டாடும் சென்னை தினத்தை ஒட்டி வரும் நடைகளிலும் ஆங்கிலமே முன்னால் நிற்கிறது. அரண்மனைக்காரன் தெரு என்ற பெயரின் சுவையை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள், பாதி போய்விடும். அதே தெருவில் சுமை தூக்குபவரும், மண்ணடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று அறிய வழியில்லை. நடையைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. அதைப் பொதுவாக்குவதுதான் தீர்வு. அகமதாபாத்தில் 1997-இல் மாநகராட்சியே மரபு நடையைத் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் புறப்பட்டு, போள் என்னும் பழைய குடியிருப்புகளின் சந்துகளில் நுழைந்து, ஜும்மா மசூதியில் முடியும் நடை. இருபது ஆண்டுகள் கழித்து, 2017-இல், உலகப் பாரம்பரிய நகரம் என்ற யுனெஸ்கோ தகுதி இந்தியாவில் முதன்முதலாக அந்த ஊருக்குக் கிடைத்தது. நடையால் மட்டும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மாநகராட்சி தன் பழைய தெருவைத் தானே மதித்து நாள்தோறும் காட்டியதும் அதற்குப் பின்னால் இருக்கிறது. சென்னையில் தனி ஆர்வலர்கள் சுமக்கும் இந்த வேலையை மாநகராட்சிப் பள்ளிகள் தமிழில் எடுத்துக்கொண்டால் ஒரு தலைமுறை மாறும்.

நடந்து பார்த்தால் மட்டும் பழைய கட்டடங்களை இடிப்பது நின்றுவிடுமா? நிற்காது. சென்னையின் மரபுக் கட்டடங்கள் என்று 467 கட்டடங்களின் பட்டியலை உயர் நீதிமன்றம் 2010-இல் ஏற்றது. பட்டியலில் இருப்பதும் காவல் ஆகிவிடாது. அரண்மனைக்காரன் தெருவில் அன்னி பெசன்ட் உருவாக்கிய கோகலே மண்டபம், தன்னாட்சி இயக்கத்தின் மேடை, பாதி இடிந்த பிறகுதான் நீதிமன்றத்தால் நின்றது. ஆனால் இடிப்பதைக் கண்டு வழக்குப் போட முதலில் அது என்ன கட்டடம் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தூணில் இருக்கும் தேதியை வாசித்த கண், அந்தத் தூண் ஒருநாள் காணாமல் போனால் கேட்கும்.

நடையை முடிக்க ஏற்ற இடம் வடக்கே ‘ஓல்டு ஜெயில் ரோடு’ எனப்படும் பழைய சிறைச் சாலை. முற்றுகைகளுக்கும் ஹைதர் அலியின் வருகைக்கும் அஞ்சி, 1760-களின் பிற்பகுதியில் புதிய கருப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. மதிலின் செலவை ஊராரிடம் வரியாக வசூலிக்க எண்ணினார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை. மேற்கு மதில் ஓடிய தடத்தில் இன்று மத்திய ரயில் நிலையத்தின் பக்கமாகப் போகும் சாலைக்கு மட்டும் வால்டாக்ஸ் சாலை என்று பெயர் தங்கிவிட்டது. அங்கே மதில் போய்விட்டது, கட்டாத வரி நிற்கிறது. வடக்கு மதிலின் எஞ்சிய துண்டு பழைய சிறைச் சாலையில் மாடிப் பூங்காவாகியிருக்கிறது. படியேறினால், பீரங்கி வைக்கக் கட்டிய சுவரின் மேல் செடி கொடிகள். அங்கே நின்று தெற்கே பார்த்தால் பாரிமுனைத் தூண் கண்ணுக்குத் தெரியாது. நடந்து வந்த தெருக்கள் நடுவே இருக்கின்றன.